ஸ்பிக்னியெவ் என்ற பெயர் குறித்து நான்கு குறிப்புகள்

தார்னூவ், 2 மார்ச் 1998

அன்புள்ள தம்பி ஸ்பிஷெக்,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்ற பயத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலிலேயே வரிசையாகத் தந்துவிடுகிறேன்.

1. ஸ்பிக்னியெவ் என்ற உன் முழுப்பெயரின் பொருள்.
2. அந்தப் பெயரின் வயது, அதை வைத்திருந்தவர்கள்.
3. அது நம் வீட்டுக்கு வந்த விதம்.
4. யகோடாவின் மகனுக்கு அதை வைப்பது.

ஐந்தாவதாக ஒன்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும். மன்னித்துக்கொள். வேறு தாள் எடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

யகோடாவுக்கு ஜனவரி கடைசியில் ஆண் குழந்தை பிறந்த செய்தி உனக்கு வந்திருக்கும். நாம் இருவரும் பேசாத இந்த ஆறு வருடங்களிலும் கிறிஸ்துமஸ் அட்டையை அவள்தானே உனக்கு அனுப்பிவருகிறாள். என் மகள் என்பதைவிட உன் அண்ணன் மகள் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவளுக்குப் பெருமை. குழந்தைக்கு உன் பெயரை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலாவது. நம்முடைய பழைய பெயர்கள் இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. உன் பெயரின் முன்பாதி அகற்றுவது, ஒழிப்பது. பின்பாதி கோபம். கோபத்தை விரட்டுபவன் என்று சொல்லலாம். அந்தக் காலத்தில் பெயர் என்பது பெற்றவர்களின் வேண்டுதல். இவன் இப்படி ஆகட்டும் என்ற ஆசை. வைத்திருப்பவனின் குணத்துக்கு அது சான்றிதழ் அல்ல. இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதே. பொதுவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்தப் பெயரில் ஓர் இளவரசன் இருந்தான். இரண்டு பேரில் அவன் மூத்தவன். நாட்டைப் பங்கு போட்டுக்கொள்வதில் தம்பியோடு தகராறு வந்து, தம்பி அவனைப் பிடித்துக் கண்களைக் குருடாக்கினான். இதை இங்கே எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. வரலாறு என்பதால் விட முடியவில்லை. இந்தப் பெயரில் புனிதர் யாரும் கிடையாது, என் அறிவுக்கு எட்டியவரை. அதனால் புனிதரின் திருநாளை வைத்துப் பெயர்நாள் குறிக்க வழியில்லாமல், நாட்காட்டி போடுகிறவர்கள் இந்தப் பெயரை மார்ச் 17இலும் ஏப்ரல் 1இலும் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்கள். உனக்கு அம்மா மார்ச்சை எடுத்துக்கொண்டாள். முட்டாள்கள் தினத்தில் பெயர்நாள் வைத்தால் ஒருத்தனும் நிஜப் பரிசு கொண்டுவர மாட்டான் என்றாள்.

மூன்றாவது. 1932இல் இந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியிருந்தது. உன் வகுப்பில் மட்டும் நான்கு பேர் இருந்தீர்கள். நம் அப்பா பெயர் விஷயத்தில் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்பவர் அல்ல. எல்லாரும் வைத்தார்கள், அவரும் வைத்தார். வேறு காரணம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை நான் அபூர்வமாகத்தான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும்.

நான்காவது. மாப்பிள்ளை மாரெக்கின் அம்மா, நம் சம்பந்தியம்மா, பிரையன் என்று வைக்க வேண்டும் என்கிறார். அவருடைய மாடிவீட்டில் ஏற்கெனவே ஒரு பிரையன் இருக்கிறானாம், நன்றாகச் சாப்பிடுகிறானாம். ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 13, ஞானஸ்நானம். உன் பெயரை வைப்பதில் உனக்கு ஆட்சேபணை உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
லூட்விக்

பின்குறிப்பு: இந்த மாதம் 17ஆம் தேதி உன் பெயர்நாள். இந்த வருடம் நீ விருந்தினர்களை எதிர்பார்க்கிறாயா என்பதையும் முடிந்தால் தெரிவிக்கவும்.


கிரிபூவ், 6 மார்ச்

அண்ணா,

முழுக் கடிதத்தையும் பாதியில் மடிக்காமல் படித்தேன். கடைசி வரி வரை எனக்குக் கோபமே வரவில்லை, என் பெயருக்குப் பொருத்தமாக. கடைசி வரியில் வந்தது.

விருந்தினர்களை எதிர்பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறாய். ஆறு வருடத்துக்கு முன்னும் இதே கேள்வியை ஓர் அட்டையில் எழுதி அனுப்பினாய். வார்த்தைகூட மாறவில்லை. உனக்கு மறந்திருக்கும், நான் ஞாபகப்படுத்துகிறேன். ஹலீனா போய் ஐந்தாவது மாதம். அவள் இல்லாமல் வந்த முதல் பெயர்நாள். தவக்காலம். இறைச்சி கிடையாது என்பதால் ஹெரிங் மீனை நானே வெங்காயம் போட்டு ஊறவைத்தேன். கசகசா ரொட்டி நானே சுட்டேன், நடுவில் வேகவில்லை. பத்துப் பேருக்குத் தட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு கெனோவெஃபா அம்மாள் மட்டும் வந்தார். பத்துத் தட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒன்பதாவது தட்டுக்குப் பின்னால் உன் அட்டை நின்றது, வரலாமா என்று கேட்டுக்கொண்டு.

இந்த நாட்டில் பெயர்நாளுக்கு யார் யாரை அழைக்கிறார்கள்? பிறந்தநாள் வீட்டோடு போகும். பெயர்நாள் ஊருக்குத் தெரியும், நாட்காட்டியில் அச்சாகியிருக்கிறது. ஞாபகம் இருக்கிறவன் வருவான், கதவு திறந்திருக்கும். அவ்வளவுதான் சட்டம். கதவைத் திறந்து வைத்தவனிடம் போய் உன் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்கிறவனை நான் என்ன செய்வது? நாற்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தேன். வாசலில் நின்று உத்தரவு கேட்ட மாட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

பெயர் விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிரையன் என்றும் வைக்கலாம், அதுவும் நன்றாகச் சாப்பிடும். அந்த அடித்துப்போட்ட ஐந்தாவதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கேள்.

ஸ்பிக்னியெவ்


தார்னூவ், 11 மார்ச்

அன்புள்ள ஸ்பிஷெக்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நியாயமாக இருக்க முயல்கிறேன். அந்த வருடம் நான் அட்டை எழுதியதற்குக் காரணம் இருந்தது. துக்க வருடத்தில் பெயர்நாள் வைப்பார்களா, மாட்டார்களா என்பதில் வழக்கம் தெளிவாக இல்லை. பாதிரியாரைக் கேட்டேன், அவரும் வீட்டுக்கு வீடு மாறும் என்றார். வீட்டில் ஒருவர் இறந்திருக்கும்போது பூங்கொத்தோடு போய் நிற்பது முரட்டுத்தனம் என்று பட்டது. அதனால் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. பதில் வராததை நான் வேண்டாம் என்று புரிந்துகொண்டேன். நான் வராததை நீ, வேண்டுமென்றே ஒதுங்கிவிட்டான் என்று புரிந்துகொண்டாய். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் இங்கே சாப்பிட வந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நானாகச் சொன்னால் சுற்றி வளைப்பேன்.

சூப் முடிந்து தட்டுகளை எடுக்கும்போது யகோடா, "அப்பா, சித்தப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

எழுதிவிட்டேன் என்றேன்.

"எழுதினீங்களான்னு கேக்கல. கேட்டீங்களா?"

பெயரின் பொருள் பற்றி விரிவாக எழுதியிருப்பதாகச் சொன்னேன். மாரெக் சிரிப்பை ரொட்டியால் அடக்கிக்கொண்டான். சம்பந்தியம்மா அப்படி என்ன பொருள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"கோபத்தை விரட்டுறவரா? உங்க தம்பியா?" என்றார். "ஏங்க, அவர் வீட்டுக்குத் தபால் போடப் போறவன் விசில் அடிச்சுக்கிட்டே போவானாமே, திடீர்னு போயி அவர் முன்னாடி நின்னுடக் கூடாதுன்னு."

யகோடா கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்தை, சித்தப்பா கோவப்படுவார். ஆனா நான் பன்னண்டு வயசுல ஆத்துல பனி உடைஞ்சு விழுந்தப்ப, எங்கப்பா கரையில நின்னு யாரைக் கூப்பிடலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தார். சித்தப்பா கோவத்தோடயே குதிச்சார்."

அது உண்மைதான். மருத்துவமனையில் கிடந்த அவளை நீ திட்டிய திட்டு மாடி வரை கேட்டது என்று செவிலியர் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு பேச்சு, ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்துகிற ஞானத்தந்தை யார் என்ற பக்கம் திரும்பியது. அது இன்னும் முடிவாகவில்லை. சம்பந்தியம்மாவுக்குத் தன் அண்ணன் மகனை வைக்க வேண்டும் என்று விருப்பம். கார் விற்கிறவன், நல்ல பையன். கோயில் அலுவலகத்தில், ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிற்றுக்குள் அவர் பெயரைக் கொடுக்க வேண்டும். இந்த விவரங்களை உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன், வேறு நோக்கம் இல்லை.

17ஆம் தேதி பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லூட்விக்


கிரிபூவ், 19 மார்ச்

அண்ணா,

நேற்று முன்தினம் மாலை என் வீட்டில் பதினான்கு பேர். எல்லாரும் அழைக்காமல் வந்தவர்கள். சாப்பாட்டு மேசையின் நடுவில் கெனோவெஃபா அம்மாள் சன்னல் பக்கம் பார்த்து, "டாக்டரே, உங்க வேலிக்கதவுகிட்ட வருமான வரி ஆள் ஒருத்தர் நிக்கறாரு" என்றார்.

நான் மீனை வெட்டிக்கொண்டிருந்தேன். எப்படித் தெரியும் என்றேன்.

"சாம்பல் கலர் கோட்டு, தொப்பி. வீட்டு நம்பரைப் படிக்கறாரு, தெருவைப் பாக்கறாரு, மறுபடியும் நம்பரைப் படிக்கறாரு." சன்னலை இன்னும் நெருங்கி, "கையில பூ இருக்கு" என்றார்.

"வருமான வரிக்காரன் பூவோட வரமாட்டானே" என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தேன், மீன் வாசனையோடு. தெரு காலி. வேலிக்கதவில் ஐந்து டூலிப் தொங்கியது. ஸ்டேஷனுக்குப் போகிற திருப்பத்தில் தொப்பி ஒன்று மறைவதைப் பார்த்தேன். கத்தினேன். திரும்பவில்லை. காது கேட்கவில்லை என்று இப்போது எழுதுவாய்.

பூவை நான் எடுக்கவில்லை. நீ கையில் கொடுக்காததை நான் ஏன் எடுக்க வேண்டும்? காலையில் பார்த்தால் எதிர்வீட்டு ஆடு மூன்றைத் தின்றுவிட்டு இரண்டை விட்டு வைத்திருந்தது. இரட்டைப்படையில் பூ சாவு வீட்டுக்கு என்று உனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தே செய்ததோ என்னவோ.

உன் சொந்தப் பெயருக்குப் பொருள் என்னவென்று பள்ளிக்கூடத்தில் நீ ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? லூட்விக் என்றால் போரில் புகழ்பெற்றவன். வேலிக்கதவு வரை படையெடுத்து வந்து, டூலிப்பைத் தொங்கவிட்டுப் பின்வாங்கிய வீரன்.

எனக்கு அறுபத்தாறு வயது. உனக்கு எழுபத்திரண்டு. இப்படி இன்னும் எத்தனை பெயர்நாள் இருக்கிறது என்று நினைக்கிறாய்?

ஸ்பிக்னியெவ்


தார்னூவ், 23 மார்ச்

அன்புள்ள ஸ்பிஷெக்,

காது கேட்டது. திரும்பத் தைரியம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன், அது போதாது என்று தெரிந்தே. வேலிக்கதவிலிருந்து உன் சன்னல் தெரிந்தது. எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்தால் யாராவது ஒருவர் எழுந்து இடம் தர வேண்டும். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஆறு வருடம் கழித்து நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. பூவை மட்டும் வைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். ஆட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அங்கே காத்திருந்த யகோடா, சித்தப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அவள் என் கோட்டைக் கழற்ற உதவிக்கொண்டே, "சன்னல் வழியாவா?" என்றாள். இவளுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்குப் புரிவதே இல்லை.

நீயே சித்தப்பாவைக் கேட்டுவிடேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "நான் கேட்டா அடுத்த ரயில்ல வந்து நிப்பார். அது நடந்து, அப்புறமும் நீங்க ரெண்டு பேரும் கோயில்ல ஆளுக்கொரு பக்கம் தூணைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. எனக்கு அது வேணாம்ப்பா. நீங்க கேளுங்க. கேக்கலன்னா கார் விக்கிறவன் வரட்டும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொதுவான ஒரு சிக்கலை மட்டும் உன் முன் வைக்கிறேன். ஞானஸ்நானத்துக்குக் கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். மறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். அப்படியானால், மனம் இல்லாத ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத மனிதரிடம் கேட்பது, கேட்பதாகுமா? அது கட்டளை போல ஆகிவிடாதா? கேட்பதற்கு முன்னால் அவருக்கு மனம் இருக்கிறதா என்று எப்படியாவது தெரிந்துகொள்வதுதானே மரியாதை? நான் பெயரின் பொருள், வரலாறு என்று தொடங்கியது அதற்காகத்தான். பொதுவாகச் சொல்கிறேன்.

உன் கருத்து தேவை. குருத்து ஞாயிறு ஏப்ரல் 5.

லூட்விக்


கிரிபூவ், 27 மார்ச்

அண்ணா,

பொதுவாக, பொதுவாக என்று எழுதி என் ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறாய். பொதுவாக நானும் ஒன்று சொல்கிறேன். உன் மூன்றாவது குறிப்பு தவறு. சந்தேகமே இல்லை என்று எழுதினாயே, அதுதான்.

அம்மா கடைசி வருடம் எங்களோடு இருந்தாள். அப்போது எனக்கும் ஹலீனாவுக்கும் சொன்னாள். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் வருத்தப்படுவான் என்றாள். இப்போது வருத்தப்படு.

நீ பிறந்தபோது அப்பாவின் மனதில் ஞானத்தந்தை ஓனுஃப்ரி மாமாதான். அம்மாவின் அண்ணன், வேறு யார்? ஆனால் அப்பா போய்க் கேட்கவில்லை. சொந்தத் தங்கை பிள்ளை, அவருக்கே தெரியாதா, தானாக வருவார் என்று இருந்துவிட்டார். மாமா அங்கே மலைக்கு அந்தப் பக்கம் புதுக் கோட்டு தைத்து வைத்துக்கொண்டு, கேட்க வருவார்கள் என்று காத்திருந்தார். ஞாயிறு வந்தது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் உன்னைக் கையில் ஏந்தியது யார்? கோயில் மணியடிக்கிறவர். அந்த நேரத்தில் கோயிலில் அவர்தான் இருந்தார். உன் ஞானத்தந்தை ஏன் மணியடிக்கிறவர் என்று எழுபத்திரண்டு வருடத்தில் ஒருநாளாவது யோசித்தாயா? வாத்தியாராக இருந்து பிள்ளைகளுக்கு லத்தீன் இலக்கணம் மட்டும் நடத்தினாய்.

அதற்குப் பிறகு அப்பாவும் மாமாவும் ஆறு வருடம் பேசவில்லை. ஆறு. எண்ணைக் கவனி.

பிறகு நான் பிறந்தேன், 1932 பிப்ரவரி. நல்ல பனி. அப்பா இந்தத் தடவையும் மாமாவுக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தார். அம்மா பிள்ளை பெற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். மலை தாண்டி நடந்தே போய் மாமா வீட்டு வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "அண்ணா, என் பிள்ளைய நீதான் ஏந்தணும்" என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. பொருள் இல்லை, வரலாறு இல்லை. மாமா, "ஆறு வருஷமா இதைத்தான்டி எதிர்பாத்தேன்" என்று தொப்பியை எடுத்தாராம்.

ஃபெலிக்ஸ் என்று வைப்பதாக அப்பா முடிவு செய்து வைத்திருந்தார். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் பாதிரியார் பெயர் கேட்டபோது, அப்பா வாய் திறப்பதற்கு முன்னால் அம்மா சொன்னாள்: "ஸ்பிக்னியெவ். இந்த வீட்டுக் கோபம் இத்தோட போகட்டும்." பாதிரியார் இந்தப் பெயரில் புனிதர் இல்லையே என்றாராம். இனிமேல் வந்தாலும் வரலாம், தண்ணீரை ஊற்றுங்கள் என்றாளாம்.

பெயர் என்பது வேண்டுதல் என்று எழுதினாய். யாருடைய வேண்டுதல் என்று நீ கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்பது கட்டளையாகிவிடாதா என்கிறாய். அம்மா அந்தப் பனியில் அப்படி யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் எனக்கும் ஒரு மணியடிக்கிறவர்தான் கிடைத்திருப்பார். அழைப்பே தேவையில்லாத இடத்தில் வரலாமா என்று கேட்கிறாய். கேட்டே ஆக வேண்டிய இடத்தில் அவருக்கே தெரியாதா என்று இருக்கிறாய். அப்பாவின் மூக்கு மட்டும்தான் உனக்கு வந்தது என்று நினைத்திருந்தேன்.

என்னிடம் எதுவும் கேட்கப்படவில்லை. ஆகவே நான் எதற்கும் பதில் எழுதவில்லை.

ஸ்பிக்னியெவ்


கிரிபூவ், உன் சமையலறை, 1 ஏப்ரல்

அன்புள்ள ஸ்பிஷெக்,

மேலே இருக்கும் முகவரியைப் பார்த்து இது முட்டாள்கள் தின வேலை என்று நினைக்காதே. நிஜமாகவே உன் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் மேசை ஆடுகிறது, கையெழுத்து அதனால்தான் இப்படி.

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. அன்று முழுவதும் பதில் எழுத முயன்றேன். அம்மா சொன்ன கதைக்கு வேறு சாட்சி இல்லை, அது அவளுடைய கடைசி வருடம், ஞாபகம் பிசகியிருக்கலாம், ஆகவே மூன்றாவது குறிப்பை இப்போதைக்குத் திருத்த இயலாது என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்று காலை நாட்காட்டியில் உன் பெயர் மறுபடியும் இருந்தது. அழைப்பு தேவையில்லாத நாள் என்று நீதான் சொன்னாய். யகோடாவிடம்கூடச் சொல்லவில்லை. மதிய ரயிலில் ஏறிவிட்டேன். ஏழு டூலிப்.

வேலிக்கதவில் மறுபடியும் நின்றுவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கெனோவெஃபா அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நீங்கதான வருமான வரி?" என்றார்.

அண்ணன் என்றேன்.

"அப்ப இன்னும் மோசம். டாக்டர் இல்ல. யார் வீட்டிலயோ பசு கன்னு போட முடியாம கெடக்குதுன்னு வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சு. ஓய்வு பெற்ற ஆளை விடறாங்களா? உள்ள போயி உக்காருங்க, கதவு தெறந்துதான் இருக்கும்."

அவர் இல்லாதபோது உள்ளே போவது முறையா என்று தயங்கினேன்.

"பெரியவரே, உள்ள போறீங்களா, இல்ல ஆட்டை அவுத்து விடட்டுமா?" என்றார்.

போனேன்.

பூவை ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன். வேறு பாத்திரம் எடுக்க அலமாரியைத் திறக்க வேண்டியிருந்தது, அதற்கு மனம் வரவில்லை. அடுப்பில் முட்டைக்கோசு சூப் வெதுவெதுப்பாக இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஒரு தட்டு ஊற்றிச் சாப்பிட்டேன். உப்புக் குறைவு. ஹலீனாவின் நாற்காலியில் உட்காரவில்லை. எது அவளுடையது என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பிப் போகவேண்டிய ரயில் சற்று முன்னால் ஊதிவிட்டுப் போனது. எழுந்து கோட்டைப் போட்டு, ஒரு கையை நுழைத்தேன். பிறகு கழற்றிவிட்டேன். கடைசி ரயில் அதுதான். இனி நீ என்னைத் துரத்தினாலும் இரவு இங்கேதான்.

சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. நம் பழைய வீட்டின் அடுப்பு. அதன் மேல் யாரோ ஒரு பெரிய ரோமத் தொப்பியைக் காய வைத்திருந்தார்கள். அதிலிருந்து பனி உருகி அடுப்பில் சொட்ட, ஒவ்வொரு சொட்டும் சீறியது. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. எனக்குத் தெரியாத மனிதர் ஒருவர் உன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். அம்மா அழுதாள். விருந்தாளி வந்ததற்கு ஏன் அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஓனுஃப்ரி மாமா எல்லா ஞாயிறும் வருவார். முதல் ஞாயிறு அதுதான் என்று இன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. அம்மாவின் கதைக்கு வேறு சாட்சி இல்லை என்று ஒரு பக்கம் எழுதினேனே, சாட்சி நான்தான்.

அடித்துப்போட்ட ஐந்தாவது குறிப்பு இதுதான். யகோடாவின் மகனுக்கு ஞானத்தந்தையாக இரு. அவனை நீதான் ஏந்த வேண்டும். மறுக்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தே கேட்கிறேன். நீ வரும்போது இதை எழுந்து நின்று வாயால் சொல்வதாக இருக்கிறேன். நாக்கு எழவில்லை என்றால் தாளை உன் பக்கம் தள்ளுவேன், படித்துவிட்டுத் திட்டு. சம்பந்தியம்மாவிடம் கார் விற்கிற பையனைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். அதைப் பேசுவதும் எனக்குச் சுலபமில்லை.

வெளியே வண்டி நின்ற சத்தம். கெனோவெஃபா அம்மாள் வேலிக்கு மேலாக உன்னிடம் ஏதோ சொல்கிறார். படியில் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டுகிறாய். தேவைக்கு மேல் தட்டுகிறாய்.

சுருக்கமாக முடிக்கிறேன். மார்ச் 2 கடிதம், மூன்றாவது குறிப்பு: வேறு காரணம் இல்லை என்று எழுதினேன். தவறு.

லூட்விக்